கணினியே ஆன்டெனா வடிவமைத்தால் பொறியாளருக்கு என்ன வேலை?

கடந்த 2024 மே மாதம் மலேசியா தேசிய செமிகண்டக்டர் வியூகத் திட்டத்தை அறிவித்தது. உயர்திறன் பெற்ற 60,000 பொறியாளர்களை உருவாக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புப் பூங்கா திறக்கப்பட்டது. 2025 மார்ச்சில் பிரிட்டனின் ஆர்ம் நிறுவனத்துடன் பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் மதிப்பு 250 மில்லியன் அமெரிக்க டாலர். பினாங்கில் நாம் அரை நூற்றாண்டாகச் சில்லுகளைப் பொருத்தி, சோதித்து, உறையிட்டு அனுப்பி வருகிறோம். இனி அவற்றை வடிவமைக்கவும் வேண்டும் என்பதே இந்த முயற்சிகளின் நோக்கம்.

இதற்கிடையே இன்னொரு செய்தியும் வந்தது. 2024 டிசம்பர் 30ஆம் தேதி 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' ஆய்விதழில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் சென்னை ஐஐடியும் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளியானது. பேராசிரியர்கள் கௌசிக் சென்குப்தா, உதய் கான்கோஜே ஆகியோர் அதில் பங்கேற்றவர்கள். கம்பியில்லாத் தொடர்புக்கான சில்லுகளில் மின்காந்த அலைகளைக் கையாளும் பகுதிகளைக் கணினியே வடிவமைத்துக் காட்டியதைப் பற்றிய கட்டுரை அது. கணினி தந்த வடிவங்களில் ஒழுங்கு எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை. சிறு கட்டங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பது போல் இருந்தன. ஆனாலும் வேலை செய்தன.

இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கும் மாணவர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. ஒரு பக்கம் 60,000 பொறியாளர்கள் வேண்டும் என்கிறார்கள்; இன்னொரு பக்கம் கணினியே வடிவமைக்கிறது என்கிறார்கள். நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்துவிட்டு வெளியே வந்தால் நமக்கு வேலை இருக்குமா?

இதற்கு ஆறுதலாகவோ அச்சமாகவோ ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கணினி உண்மையில் எப்படி வடிவமைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பதிலை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

அடிப்படையில் இது ஒரு தேடல்

2020ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சபாவில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஓர் இரவைக் கழித்தார். நாடே பேசிய செய்தி அது. இணைய இணைப்பு எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று தேடி, அந்த மரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். கைப்பேசி அலை வலுவாக விழும் இடத்தைத் தேடும் அந்த வேலைக்கும், ஆன்டெனா வடிவமைப்பவரின் வேலைக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. இருவரும் எண்ணற்ற வாய்ப்புகளில் சிறந்த ஒன்றைத் தேடுகிறார்கள்.

ஆன்டெனா என்பது என்ன? கம்பியில் ஓடும் மின்சாரத்தை வெளியில் பரவும் மின்காந்த அலையாகவும், வரும் அலையை மீண்டும் மின்சாரமாகவும் மாற்றும் உலோக வடிவம். அதன் அளவும் வளைவும் இடைவெளியும் அலைநீளத்தோடு பொருந்த வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் நீளம் ஏறக்குறைய 8.6 சென்டிமீட்டர். அதில் சில மில்லிமீட்டர் தவறினாலும் ஆன்டெனாவின் செயல்பாடு மாறிவிடும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுரத்தைப் பத்துக்குப் பத்து என நூறு கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உலோகம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படி எத்தனை வடிவங்கள் அமையும்? இரண்டை நூறு முறை பெருக்க வேண்டும். விடை, 1க்குப் பின் 30 சுழியங்கள் கொண்ட எண்ணைவிடச் சற்று அதிகம். ஒரு வடிவத்தைச் சோதிக்கக் கணினிக்கு ஒரு விநாடி போதும் என்றே வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சோதித்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போல் ஏறக்குறைய 3 டிரில்லியன் மடங்கு காலம் ஆகும்.

ஆகவே எல்லாவற்றையும் சோதிப்பது நடக்காத காரியம். அனுபவமுள்ள பொறியாளர் இந்தப் பெருங்கடலில் தமக்குப் பழக்கமான சில தீவுகளுக்கு மட்டுமே போவார். நேரான கம்பி, வளையம், சுருள், சதுரத் தகடு போன்றவை அந்தத் தீவுகள். அவற்றுக்குச் சூத்திரங்கள் உண்டு, பாடநூல்கள் உண்டு. மீதிக் கடல் ஆராயப்படாமலே கிடந்தது. அங்கே போக ஒரு வழி வேண்டியிருந்தது.

பரிணாமத்திடம் கற்ற பாடம்

அந்த வழியை உயிரியலிலிருந்து கடன் வாங்கினார்கள். 1960களில் பெர்லினில் இங்கோ ரெக்கன்பெர்க், ஹான்ஸ்-பவுல் ஷ்வெஃபெல் ஆகியோர் பொறியியல் வடிவங்களைச் சிறுசிறு மாற்றங்கள் செய்து, நல்லதை வைத்து, மற்றதைத் தள்ளும் முறையை உருவாக்கினர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாலண்ட் இதே எண்ணத்தை மரபணுக்களின் கலப்போடு இணைத்து 1975இல் நூலாக வெளியிட்டார். இன்று 'மரபணு அல்காரிதம்' என்று நாம் படிப்பது அதிலிருந்து வளர்ந்ததுதான்.

முறை எளிது. முதலில் நூறு ஆன்டெனா வடிவங்களைக் கண்ணை மூடிக்கொண்டு உருவாக்குங்கள். பெரும்பாலானவை உதவாதவையாக இருக்கும். ஒவ்வொன்றையும் கணினியில் சோதித்து மதிப்பெண் கொடுங்கள். அதிக மதிப்பெண் பெற்றவற்றைப் பெற்றோராகத் தேர்ந்தெடுங்கள். ஒன்றின் பாதியையும் மற்றொன்றின் பாதியையும் சேர்த்துப் புதிய வடிவங்களைப் பெறுங்கள். அவ்வப்போது எங்காவது ஒரு சிறு மாற்றத்தைத் தற்செயலாகப் புகுத்துங்கள். புதிய தலைமுறைக்கு மறுபடியும் மதிப்பெண் கொடுங்கள். இதைச் சில நூறு தலைமுறைகள் தொடர்ந்தால் தொடக்கத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத வடிவம் ஒன்று எஞ்சும்.

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டு இல்லை என்பதற்கு நல்ல சான்று, நாசாவின் எஸ்டி5 திட்டம். 2006 மார்ச் 22ஆம் தேதி மூன்று சிறிய துணைக்கோள்கள் விண்ணில் செலுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 கிலோகிராம் எடை கொண்டது. பூமியின் காந்தப் புலத்தை அளப்பதும், சிறிய துணைக்கோள்களுக்கான புதிய தொழில்நுட்பங்களைச் சோதித்துப் பார்ப்பதும் அவற்றின் பணி. அவை தரையோடு பேசப் பயன்படுத்திய ஆன்டெனாவை நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஜேசன் லோன், கிரெகரி ஹார்ன்பி, டெரெக் லிண்டன் ஆகியோரின் குழு பரிணாம அல்காரிதம் மூலம் உருவாக்கியிருந்தது. கணினியின் பரிணாம முறையில் பிறந்து விண்வெளிக்குச் சென்ற முதல் வன்பொருள் அதுதான்.

அதன் படத்தைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். காகிதம் கோக்கும் கிளிப்பைக் குழந்தை கையில் கொடுத்து வளைக்கச் சொன்னது போல் இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அளவு. இந்த இடத்தில் ஏன் வளைகிறது, அந்த இடத்தில் ஏன் நீள்கிறது என்று கேட்டால் பாடநூலில் பதில் கிடையாது.

ஆனால் இந்தக் கதையில் வடிவத்தைவிட முக்கியமான ஒரு திருப்பம் உண்டு. குழு முதலில் ஓர் ஆன்டெனாவை உருவாக்கி முடித்திருந்தது. அதன் பிறகு துணைக்கோள்கள் செல்லவேண்டிய சுற்றுப்பாதை மாற்றப்பட்டது. பாதை மாறினால் ஆன்டெனா எந்தத் திசைகளில் அலையை அனுப்பவேண்டும் என்பதும் மாறும். பழைய வடிவம் புதிய தேவைக்குப் பொருந்தவில்லை. வழக்கமான முறையில் இது பல மாத வேலை. குழுவினர் மதிப்பெண் விதியை மாற்றி எழுதி, கணினியை மீண்டும் ஓடவிட்டனர். ஏறக்குறைய நான்கு வாரங்களில் புதிய வடிவம், மாதிரிப் பொருளாகவே கைக்கு வந்தது.

அந்த நான்கு வாரக் கதையில் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கம்பியை எங்கே வளைப்பது என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. எது நல்ல ஆன்டெனா என்பதை எண்களாக எழுதிக் கொடுத்தார்கள். எந்தத் திசைகளில் எவ்வளவு வலு வேண்டும், எவ்வளவு சக்தி திரும்பி வந்து வீணாகலாம், எந்த அதிர்வெண்களில் வேலை செய்ய வேண்டும் என்பவை அந்த எண்கள். பிறகு கணினி சொன்னதை அப்படியே நம்பிவிடாமல் ஆன்டெனாவைச் செய்து, அலைகள் எதிரொலிக்காத சோதனை அறையில் வைத்து அளந்து பார்த்தார்கள்.

கூட்டமாகத் தேடும் முறை

1995இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த மாநாட்டில் இன்னொரு முறை அறிமுகமானது. அதை உருவாக்கியவர்கள் ஜேம்ஸ் கென்னடி என்ற சமூக உளவியலாளரும் ரஸ்ஸல் எபர்ஹார்ட் என்ற மின்னியல் பொறியாளரும். பறவைக் கூட்டமும் மீன் கூட்டமும் தலைவன் இல்லாமலே சேர்ந்து நகர்வதைக் கணினியில் பின்பற்ற முயன்றபோது, அது தேடலுக்கும் நன்றாகப் பயன்படுவதைக் கண்டார்கள். தமிழில் இதைத் 'துகள் கூட்ட உகப்பாக்கம்' எனலாம்.

எப்படி என்று பார்ப்போம். ஐந்து நண்பர்கள் தோட்டப்புறத்தில் ஒரு குன்றில் கைப்பேசி அலை வலுவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். ஐவரும் ஆளுக்கொரு திசையில் கிளம்புகிறார்கள். ஒவ்வொருவரும் தாம் இதுவரை நின்ற இடங்களில் எது சிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்கிறார். யாராவது மிக நல்ல இடத்தைக் கண்டால் மற்ற நால்வருக்கும் குரல் கொடுக்கிறார். அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதை மூன்று விசைகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே தொடரும் வேகம். இரண்டாவது, தாம் கண்ட சிறந்த இடத்தின் ஈர்ப்பு. மூன்றாவது, குழு கண்ட சிறந்த இடத்தின் ஈர்ப்பு. இவற்றோடு கொஞ்சம் தற்செயலும் கலந்திருக்கும்.

குன்றில் இடத்தைக் குறிக்கக் கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு என இரண்டு எண்கள் போதும். ஆன்டெனாவில் அந்த இரண்டு எண்களுக்குப் பதிலாக நீளம், அகலம், இடைவெளி, வளைவு என்று பத்து, இருபது எண்கள் இருக்கும். 'அலையின் வலு' என்ற இடத்தில் 'ஆன்டெனாவின் மதிப்பெண்' வரும். வேறு மாற்றம் இல்லை. இதன் முக்கியமான பகுதியைப் பைத்தான் மொழியில் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். 2004இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜேக்கப் ராபின்சனும் யஹ்யா ரஹ்மத்-சாமியும் இந்த முறையை ஆன்டெனாப் பொறியாளர்களுக்கு விளக்கி எழுதிய கட்டுரைக்குப் பிறகு, மின்காந்தத் துறையில் இது வேகமாகப் பரவியது.

இந்த முறைக்கும் பலவீனம் உண்டு. ஐவரில் ஒருவர் சுமாரான ஒரு மேட்டைக் கண்டு உற்சாகத்தில் கூவினால், மற்ற நால்வரும் அங்கேயே ஓடி வந்துவிடலாம். பக்கத்துப் பள்ளத்தைத் தாண்டி இருக்கும் உண்மையான உச்சியை யாரும் பார்க்கமாட்டார்கள். குழு எவ்வளவு விரைவாக ஒன்று சேர வேண்டும், எவ்வளவு நேரம் சிதறித் தேட வேண்டும் என்பதைச் சரியாக அமைப்பதில்தான் திறமை இருக்கிறது.

கேட்டதைத் தரும், நினைத்ததைத் தராது

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஒவ்வொரு பொறியியல் மாணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜான் பேர்ட், பால் லேய்ஸல் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டது அது.

சீராக அலையும் மின்குறியை உருவாக்கும் ஒரு சுற்றை, பரிணாம முறையில் உண்மையான மின்பலகையிலேயே உருவாக்க அவர்கள் முயன்றனர். வெளியே வரும் மின்குறி குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அலைய வேண்டும் என்பது மதிப்பெண் விதி. தலைமுறைகள் சென்றன. ஒரு சுற்று நல்ல மதிப்பெண் வாங்கியது. ஆராய்ந்து பார்த்தபோது அந்தச் சுற்று எதையும் உருவாக்கவில்லை என்று தெரிந்தது. ஆய்வுக்கூடத்தில் பக்கத்தில் இருந்த கணினிகளிலிருந்து கசிந்த வானொலி அலைகளை அது பிடித்து, பெருக்கி, வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. மின்பலகையில் இருந்த உலோகத் தடங்களே ஆன்டெனாவாகப் பயன்பட்டன. மின்குறியை உருவாக்கும் சுற்றைக் கேட்டவர்களுக்கு ஒரு வானொலிப் பெட்டி கிடைத்தது!

பரிணாம அல்காரிதம் ஏமாற்றியதா? இல்லை. மின்குறி அலைய வேண்டும் என்று கேட்டார்கள், அலைந்தது. சுற்று தானாகவே அதை உருவாக்க வேண்டும் என்று யாரும் விதியில் எழுதவில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அட்ரியன் தாம்ப்சன் ஒரு சில்லின் நூறு செல்களைப் பயன்படுத்தி, இரண்டு ஒலிகளைப் பிரித்தறியும் சுற்றைப் பரிணாம முறையில் உருவாக்கினார். அற்புதமாக வேலை செய்தது. ஆனால் சுற்றின் மற்ற பகுதிகளோடு இணைப்பே இல்லாத சில செல்களை நிறுத்தினால் அதன் செயல்பாடு கெட்டது. அந்தக் குறிப்பிட்ட சில்லின் நுண்ணிய இயல்புகளையும் சுற்று பயன்படுத்திக்கொண்டிருந்ததே காரணம். இப்படிப்பட்ட ஒன்றைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து விற்க முடியுமா?

இங்கேதான் நம் கேள்விக்கான பதில் தெரியத் தொடங்குகிறது. கணினி விடை தேடுவதில் நம்மைவிட வேகமானது, சலிக்காதது. ஆனால் என்ன கேட்கவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. வெயிலில் சூடேறினாலும் ஆன்டெனா வேலை செய்ய வேண்டும். தொழிற்சாலையில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தாங்க வேண்டும். பக்கத்தில் கைப்பேசியின் பேட்டரி இருக்கும். கையில் பிடித்தால் விரல் மறைக்கும். இவற்றை எல்லாம் முன்கூட்டியே நினைத்துப் பார்த்து விதியில் சேர்ப்பவர் பொறியாளர். அதற்கு அவருக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும்.

புதியது எது?

அப்படியென்றால் 2024 டிசம்பர் செய்தியில் புதிதாக என்ன இருக்கிறது? வேகம்.

பரிணாம முறையாகட்டும் கூட்ட முறையாகட்டும், ஒவ்வொரு வடிவத்துக்கும் மதிப்பெண் போட மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்க வேண்டும். இருபது துகள்கள் இருநூறு சுற்றுகள் தேடினால் 4,000 சோதனைகள். சிக்கலான ஒரு வடிவத்துக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 40,000 நிமிடம். ஏறக்குறைய 28 நாள்.

ஆழ்கற்றல் வலையமைப்பு இங்கே உதவுகிறது. பல்லாயிரம் வடிவங்களையும் அவற்றின் மின்காந்த விளைவுகளையும் முன்கூட்டியே காட்டி அதைப் பயிற்றுவித்துவிட்டால், புதிய வடிவத்தின் விளைவை அது கண நேரத்தில் கணித்துச் சொல்லும். அதன் பிறகு 28 நாள் தேடல் சில நிமிடங்களில் முடியும். தேடும் வேலையைப் பழைய அல்காரிதங்களும், மதிப்பெண் போடும் வேலையைப் புதிய செயற்கை நுண்ணறிவும் செய்யும் கூட்டணி இன்று பல ஆய்வுக்கூடங்களில் காணப்படுகிறது.

ஆனால் இப்போது தவறு நுழைய இரண்டு வாசல்கள் இருக்கின்றன. விதி தவறாக எழுதப்பட்டிருக்கலாம். வலையமைப்பின் கணிப்பும் தவறாக இருக்கலாம். இத்தகைய கருவிகள் சில சமயம் வேலை செய்யாத வடிவங்களையும் தரும் என்றும், அவற்றைத் திருத்த மனித வடிவமைப்பாளர் தேவை என்றும் சென்குப்தாவே விளக்கியிருக்கிறார்.

ஓநாய், வௌவால், திமிங்கலம்

உயர்கல்வி மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போது விலங்குகளின் ஊர்வலத்தையே நீங்கள் காண்பீர்கள். வௌவால் அல்காரிதம் 2010இல் வந்தது, சாம்பல் ஓநாய் 2014இல், திமிங்கலம் 2016இல். மின்மினி, குயில், அந்துப்பூச்சி என்று பட்டியல் நீளும். ஏதாவது ஒரு விலங்கை எடுத்து, ஏதாவது ஓர் ஆன்டெனாவில் பொருத்தி, 'முந்தையதைவிடச் சிறந்தது' என்று எழுதிவிடும் கட்டுரைகள் ஏராளம்.

எறும்புக் கூட்ட அல்காரிதத்தை 1992இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கியவர் மார்க்கோ டொரிகோ. உயிரினங்களைப் பார்த்து அல்காரிதம் எழுதும் மரபின் முன்னோடிகளில் ஒருவர். அவரும் அவருடைய சகாக்களும் 2020இல் சாம்பல் ஓநாய், மின்மினி, வௌவால் ஆகிய மூன்று முறைகளையும் பிரித்து ஆராய்ந்தனர். விலங்குக் கதையை நீக்கிவிட்டுச் சமன்பாடுகளை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே இருந்த துகள் கூட்ட முறையின் கருத்துகளே அவற்றில் இருப்பதாகவும், புதுமை ஒன்றும் இல்லை என்றும் முடிவுக்கு வந்தனர். பெல்ஜியத்தைச் சேர்ந்த கென்னத் சோரன்சன் அதற்கு முன்பே இந்த உருவகப் போக்கைக் கடுமையாக விமர்சித்திருந்தார்.

1997இல் டேவிட் வோல்பர்ட், வில்லியம் மெக்ரெடி ஆகியோர் நிறுவிய தேற்றமும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. எல்லா விதமான தேடல் கணக்குகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் எந்த முறையும் இன்னொரு முறையைவிட உயர்ந்தது இல்லை என்கிறது அது. ஆகவே 'எந்த அல்காரிதம் சிறந்தது?' என்ற கேள்விக்குப் பொருளில்லை. 'என் கணக்கின் இயல்புக்கு எது பொருந்தும்?' என்றுதான் கேட்க வேண்டும். அந்த இயல்பை அறிய மீண்டும் இயற்பியலுக்கே வர வேண்டும்.

இத்தலைப்பில் ஆய்வு செய்ய விரும்பினால் நான்கு விஷயங்களைக் கடைப்பிடியுங்கள். ஒப்பிடும் முறைகள் அனைத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் சோதனைகளைக் கொடுங்கள். தற்செயல் கலந்த முறை என்பதால் ஒரு முறை ஓட்டிக் கிடைத்த நல்ல விடையை மட்டும் காட்டாமல், முப்பது முறையாவது ஓட்டிச் சராசரியையும் மோசமான விடையையும் சேர்த்துக் காட்டுங்கள். வெறும் குருட்டுத் தேடலோடும் ஒப்பிடுங்கள். அதைக்கூட வெல்லாத அல்காரிதத்துக்கு அழகான பெயர் மட்டும் எதற்கு? கடைசியாக, கிடைத்த ஆன்டெனாவை உண்மையிலேயே செய்து அளந்து பாருங்கள். கையடக்க அளவுக் கருவிகள் இன்று மாணவர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன.

இப்போதே தொடங்கலாம்

இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு என்று நினைக்க வேண்டாம். படிவம் ஐந்து கூடுதல் கணிதத்தில் நேரியல் திட்டமிடல் பாடம் இருக்கிறது. கட்டுப்பாடுகளைச் சமனிலிகளாக எழுதி, வரைபடத்தில் பகுதியை நிழலிட்டு, அதில் அதிக இலாபம் தரும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறீர்கள் அல்லவா? எஸ்டி5 குழு செய்ததும் அடிப்படையில் அதேதான். எது வேண்டும், எது கூடாது என்பதைக் கணிதமாக எழுதினார்கள். அந்தப் பாடத்தில் பல மாணவர்கள் தடுமாறுவது வரைபடத்தில் இல்லை. வாக்கியத்தில் சொல்லப்பட்ட நிபந்தனையைச் சமனிலியாக மாற்றும் இடத்தில்தான். தேர்வில் சில புள்ளிகளுக்காக நீங்கள் போராடும் அந்தப் படிதான் நாளை பொறியாளருக்குச் சம்பளம் பெற்றுத் தரும் படி. படிவம் நான்கு இயற்பியலில் வரும் அலைகள் பாடத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

ஆறாம் படிவ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் விடுமுறையில் ஒரு சிறு முயற்சி செய்யலாம். கம்பி ஆன்டெனாக்களைக் கணிக்கும் 'என்இசி2' என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தானில் ஒரு துகள் கூட்டத்தை எழுதி அதோடு இணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவில் மின்சாரம் ஊட்டப்படும் நேரான கம்பியின் சிறந்த நீளத்தைத் தேடச் சொல்லுங்கள். அந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். பாடநூல்படி விடை அதில் பாதியைவிடச் சற்றுக் குறைவாக, 6 சென்டிமீட்டரை ஒட்டி வர வேண்டும். கம்பியின் தடிமனைப் பொறுத்துச் சற்று மாறும்.

உங்கள் நிரல் வேறு எண்ணைத் தந்தால் மகிழுங்கள். நிரலில் பிழையா, விதியில் பிழையா, அல்லது நீங்கள் நினைத்தது ஒன்று, கேட்டது வேறொன்றா என்று தேடத் தொடங்குவீர்கள். அந்தத் தேடலில் கற்பது பல விரிவுரைகளுக்கு ஈடாகும். விடை தெரிந்த கணக்கில் முதலில் பழகினால்தான், விடை தெரியாத கணக்கில் கணினி சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பிடிபடும்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். சூத்திரத்தை மனனம் செய்து, பாடநூல் வடிவத்தில் எண்களைப் பொருத்திக் கொடுப்பதே தன் வேலை என்று நினைக்கும் பொறியாளருக்கு வருங்காலம் கடினமாகத்தான் இருக்கும். அந்த வேலையைக் கணினி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. பூச்சோங்கிலும் பினாங்கிலும் அமையவிருக்கும் வடிவமைப்புக் குழுக்களுக்கு வேண்டியவர்கள் வேறு வகையினர். வாடிக்கையாளர் வாய்மொழியாகச் சொல்வதைத் துல்லியமான விதியாக எழுதத் தெரிந்தவர்கள்; கணினி தந்த விசித்திர வடிவத்தைப் பார்த்து 'இது வானொலிப் பெட்டியாக இருக்குமோ?' என்று சந்தேகப்படத் தெரிந்தவர்கள். சோதனை அறைக்குப் போய் அளந்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுபவர்கள்.

இத்தகையோர் 60,000 பேரை ஒரே நாளில் உருவாக்கிவிட முடியாது. இன்று படிவம் நான்கில் அறிவியல் பாடங்களை எடுக்கலாமா, வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருக்கும் மாணவர்களிடமிருந்துதான் அவர்கள் வர வேண்டும். கணினி வந்துவிட்டது என்பதற்காக இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். கணினியிடம் சரியாகக் கேட்கவும், அது தரும் விடையைச் சோதிக்கவும் அவை இரண்டும் முன்பைவிட அதிகமாகத் தேவைப்படுகின்றன.